வாய் திறவாதோரும் முகநூலும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், அகமுகச் சுபாவம் உடைய வாலிபரும் சமூக ஊடகமும் என்பதாகும். வாய் திறவாதோரைப் பற்றி வாய் திறந்து பேச ஒருவரை மேடையில் ஏற்றுவது சற்று வேடிக்கையான ஏற்பாடுதான். ஆயினும் இப்பொருளைத் தெரிந்தெடுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. நமது சங்கத்து வாலிபரில் ஒரு பகுதியினர் கூட்டத்திலே பேசுவதில்லை. சங்கத்தின் வாட்சப் குழுவிலும் அவர்கள் ஒரு சொல் எழுதுவதில்லை. இதைக் கண்ட பெரியோர் சிலர், "இந்தப் பிள்ளைகளுக்கு ஊர்க் காரியத்தில் அக்கறை இல்லை" என்று மனம் வருந்துகின்றனர். கலகலப்பான தோழர்களோ, "அவனுக்குத் தலைக்கனம் மச்சான்" என்று ஒரே சொல்லில் தீர்த்துவிடுகின்றனர். இவ்விரு தீர்ப்புகளும் நியாயமானவையா என்று ஆராய்வதே எமது முதல் நோக்கம். அதே வேளையில், வாய் திறவாதோர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்ற உரிமையில், அக்கூட்டத்தாரிடமே கடுமையாகச் சொல்லவேண்டிய ஒன்றும் எம்மிடம் உண்டு. அதனைப் பிற்பகுதியில் சொல்லுவோம்.

அகமுகி என்பவர் யார்? சுவிட்சர்லாந்து தேசத்து உளவியல் அறிஞராகிய கார்ல் யுங் 1921ஆம் ஆண்டில் ஆளுமை வகைகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். மனத்தின் ஊக்கம் தன் எண்ணங்களை நோக்கி உள்ளே திரும்புகிறவரை ஒரு வகையாகவும், வெளியே மனிதரையும் பொருள்களையும் நோக்கிப் பாய்கிறவரை மற்றொரு வகையாகவும் அவர் அந்நூலிலே பகுத்துக் காட்டினார். முன்னவரை அகமுகி என்றும் பின்னவரைப் புறமுகி என்றும் தமிழில் வழங்குகிறோம். யுங் இவ்விரு சாராரையும் மதில் கட்டிப் பிரித்துவிடவில்லை. எவரிடத்தும் இரண்டும் உண்டு. ஒன்று மேலோங்கி நிற்கும், அவ்வளவே. இன்று ஆளுமையை அளந்தறியும் உளவியலாரும் இதனை ஒரு நீண்ட கோலாகவே கொள்ளுகின்றனர். கோலின் இரு நுனிகளிலும் சிலர் நிற்க, பெரும்பாலோர் நடுப்பகுதியில் நிற்கின்றனர்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குச் சென்று திரும்பிய இரு தோழர்களை எண்ணிப் பாருங்கள். இருவரும் காலை முதல் சனக்கூட்டத்தில் நின்றவர்கள். இருவருக்கும் அம்மனிடத்தில் பக்தி உண்டு. ஒருவன் வீடு திரும்பும் வழியில் நான்கு நண்பரைச் சேர்த்துக்கொண்டு தேநீர்க் கடையில் அமர்ந்து இன்னும் இரண்டு மணி நேரம் பேசுகிறான். பேசப் பேச அவனுக்கு உற்சாகம் ஏறுகிறது. மற்றவன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பாயிலே படுத்துவிடுகிறான். அவனுக்குக் கோபமுமில்லை, துக்கமுமில்லை. தனிமையிலே இளைப்பாறுகிறான். இவ்வளவுதான் வேற்றுமை. 1967இல் ஹான்ஸ் ஐசங் என்ற அறிஞர் இதற்கு உடற்கூற்றிலே ஒரு விளக்கம் தேடினார். அகமுகியின் மூளை இயல்பாகவே கூடிய விழிப்போடு இருப்பதால், வெளியிலிருந்து வரும் ஆரவாரம் விரைவில் அவனுக்கு மிகையாகிவிடுகிறது என்றார். அவர் கூறிய யாவற்றையும் பிற்கால ஆராய்ச்சி உறுதி செய்துவிடவில்லை. எனினும், மனிதருக்குத் தாங்கக்கூடிய ஆரவாரத்தின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது நம் வீடுகளிலேயே நாம் காண்பதன்றோ?

இங்கே கூச்சத்தையும் அகமுகச் சுபாவத்தையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. கூச்சம் என்பது பிறர் என்ன நினைப்பாரோ என்ற அச்சம். கூச்சமுடையவனுக்குக் கூட்டத்தில் சேர ஆசை உண்டு, அச்சம் தடுக்கிறது. அகமுகிக்கு அந்த ஆசையே குறைவு. சிலரிடத்தில் இரண்டும் சேர்ந்திருக்கலாம். கூச்சத்தைப் பழக்கத்தினாலே குறைக்கலாம். நாம் படித்த மிஷன் பாடசாலையிலே காலைக் கூட்டத்தில் வாசிக்க வைத்தும், பேச்சுப் போட்டியிலே நிறுத்தியும் ஆசிரியர்கள் அதைத்தான் செய்தார்கள். சுபாவத்தை அவ்வாறு மாற்றிவிட முடியாது, மாற்றவேண்டிய தேவையுமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு மேலே போவோம். அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் யுங்கின் கருத்தைத் தழுவி ஒரு வினாத்தாள் அமைத்தனர். மனிதரைப் பதினாறு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் நான்கு ஆங்கில எழுத்துக்களைப் பெயராக இடும் முறை அது. அதைப் பின்பற்றிய இலவசச் சோதனைகள் இன்று இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. நம் வாலிபர் பலர் பத்து நிமிடத்தில் அதைச் செய்து முடித்து, வந்த நான்கு எழுத்தையும் சாதகக் குறிப்புப் போல முகநூலில் போட்டுக்கொள்ளுகின்றனர். இம்முறையை உளவியலார் பலர் ஏற்றுக்கொள்வதில்லை. சில வாரம் கழித்து அதே வினாக்களுக்கு விடையளித்தால் அதே ஆளுக்கு வேறு வகை வந்துவிடுவதும் உண்டு. சாதகத்தைக் காட்டிச் சோம்பியிருப்பது எப்படித் தகாதோ, அப்படியே நான்கு எழுத்தைக் காட்டிக் கடமையைத் தட்டிக்கழிப்பதும் தகாது.

இனி ஊடகத்துக்கு வருவோம். இணையம் வந்தபோது அகமுகிகளுக்கு நற்காலம் பிறந்தது என்றே பலரும் எண்ணினர். முகத்துக்கு நேர் நின்று பேசவேண்டியதில்லை, யோசித்து எழுதலாம், எழுதியதை அழித்துத் திருத்தலாம். 2002ஆம் ஆண்டில் யாயிர் அமிகாய்-ஹாம்பர்கர் என்ற இஸ்ரவேல் நாட்டு ஆய்வாளரும் அவர் சகாக்களும், அகமுகிகள் தமது உண்மையான தன்மையை நேர்ப்பழக்கத்தைவிட இணையத்திலேயே வெளிக்காட்டுவதாக உணர்கின்றனர் என்று எழுதினர். அதே ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து ராபர்ட் கிரவுட் என்பவரும் சகாக்களும் வேறொரு முடிவை வெளியிட்டனர். இணையத்தால் புறமுகிகள் நன்மை அடைந்தனர்; அகமுகிகளுக்கோ தனிமையுணர்ச்சி போன்ற தீமைகள் மிகுந்தன என்பது அது. உள்ளவனுக்கே மேலும் சேருகிறது என்ற உலக வழக்கை அங்கும் கண்டனர்.

ஒரே ஆண்டில் வந்த இவ்விரு முடிவுகளும் ஒன்றோடொன்று மோதுவனபோலத் தோன்றும். எமது சிற்றறிவுக்கு எட்டியவரை, இரண்டுக்கும் இடமுண்டு. இணையத்திலே மடல் போன்ற பகுதி ஒன்று உண்டு. சந்தை போன்ற பகுதி ஒன்று உண்டு. ஒருவர் ஒருவருக்கு ஆறுதலாக எழுதுவது மடல். அங்கே அகமுகி நன்றாகவே வாழுகிறான். நூறுபேர் பார்த்திருக்க, உடனுக்குடன் பதில் கொடுத்து, பார்த்தவர் எத்தனைபேர், மெச்சியவர் எத்தனைபேர் என்று கணக்கிடப்படுவது சந்தை. அங்கே அவனுக்கு மூச்சுத் திணறுகிறது. 2004இல் தொடங்கிய முகநூல் ஆண்டுக்கு ஆண்டு சந்தையின் பக்கமாகவே சாய்ந்து வந்துள்ளது.

அது எங்ஙனம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லுவோம். 2009இல் விருப்பக் குறி வந்தது. அன்று முதல் ஒவ்வொரு சொல்லுக்கும் எண்ணிக்கை கிடைத்தது. 2014இல் வாட்சப்பில் நீலக் குறி வந்தது. செய்தியைப் படித்துவிட்டுப் பதில் எழுதாதிருப்பது குற்றமாயிற்று. 2016இல் முகநூலில் அன்பு, சிரிப்பு, வியப்பு, துயரம், சினம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் வந்தன. 2017இல் எந்தப் பதிவை முன்னே காட்டுவது என்று தீர்மானிக்கும் கணக்கில், இக்குறிகளுக்குச் சாதாரண விருப்பக் குறியைப்போல ஐந்து மடங்கு மதிப்பு அளிக்கப்பட்டது. சினக் குறிக்கும் அதே ஐந்து மடங்கு! பிற்பாடு இம்மதிப்புக் குறைக்கப்பட்டு, 2020இல் சினக்குறியின் மதிப்பு முற்றாக நீக்கப்பட்டது. இச்சங்கதியை உலகம் அறிந்துகொண்டதோ 2021இல் அந்நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளிவந்த பின்னரே. சினந்து பேசுகிறவனை மேடையில் ஏற்றி, சிந்தித்து நிற்கிறவனைப் பின்வரிசையில் தள்ளும் ஒரு மன்றத்திலே பல ஆண்டுகள் நாம் கூடியிருந்தோம் என்பது இதன் பொருள்.

இப்படிப்பட்ட மன்றத்திலே பேசாதவன் என்ன ஆகிறான்? கணக்கிலே இல்லாதவனாகிறான். அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2019இல் வெளியிட்ட ஒரு கணக்கின்படி, அந்நாட்டில் டுவிட்டர் பயன்படுத்திய வளர்ந்தோருள், மிகுதியாக எழுதும் நூற்றுக்குப் பத்துப்பேரே எல்லாப் பதிவுகளிலும் நூற்றுக்கு 80 பங்கை எழுதியிருந்தனர். மற்றத் தொண்ணூறு பேரும் சேர்ந்து எழுதியது மீதி 20 பங்கே. பத்துப்பேரின் குரலைக் கேட்டுவிட்டு, "இதுதான் நாட்டின் அபிப்பிராயம்" என்று நாம் சொல்லிக்கொள்ளுகிறோம்.

நம் ஊரிலும் இது நடக்கிறது. ஒரு செத்த வீடு நேர்ந்தால் குழுவிலே "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்ற வாசகம் ஒன்றன்பின் ஒன்றாக ஐம்பது முறை வருகிறது. ஒருவர் எழுதியதையே அடுத்தவர் எடுத்து ஒட்டுகிறார். எழுதாத ஒரு பிள்ளை அன்று முழுவதும் அந்த வீட்டிலே கதிரை தூக்கியும், தண்ணீர் மொண்டு கொடுத்தும், வெளியூரிலிருந்து வந்த உறவினருக்கு வழிகாட்டியும் நின்றிருப்பான். குழுவைப் பார்க்கும் பெரியவருக்கு அவன் பெயர் தென்படுவதில்லை. "அனுதாபம்கூட எழுதவில்லையே" என்று குறைப்படுகிறார். பந்தலைப் பார்த்திருந்தால் இந்தக் குறை வந்திருக்காது. பெரியோர்களே, பிள்ளைகளை அளப்பதற்குக் கைத்தொலைபேசி ஒன்றையே கோலாகக் கொள்ள வேண்டாம் என்று வணக்கமாக வேண்டுகிறோம்.

இவ்வளவும் மனவருத்தத்தோடு முடிந்துவிடும் காரியமானால் நாம் இத்தனை நேரம் எடுத்துக்கொள்ள மாட்டோம். உடன் பதில் சொல்ல வராதவனைக் குற்றவாளியாக்கும் பழக்கம் உயிருக்கும் உடைமைக்கும் சேதம் விளைவிக்கும் என்பதை நமது மாவட்டமே கண்டிருக்கிறது.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆந் திகதி இரவு அம்பாறை நகரத்திலே முஸ்லிம் சகோதரருக்குச் சொந்தமான ஓர் உணவகத்தில் நடந்தது உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். கறியிலே ஒரு கட்டி கிடந்தது. மக்களை மலடாக்கும் மருந்து அது என்று உண்ண வந்த ஒருவர் கூச்சலிட்டார். அத்தகைய வதந்தி ஏற்கெனவே முகநூலில் உலவிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடியது. கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. சூழ நின்றோர் அதட்டிக் கேட்க, அவர் திகைத்து, கேள்வி இன்னதென்று விளங்காமலே, மாவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எண்ணி ஏதோ இரண்டு சொல் தடுமாறிச் சொன்னார். அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தனர். அந்தத் தடுமாற்றமே குற்ற ஒப்புதல் என்று நாடெங்கும் பரப்பப்பட்டது. அந்த இரவிலேயே உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரசாங்கப் பகுப்பாய்வாளர் திணைக்களம் சோதித்தபோது, அந்தக் கட்டி வெறும் மாப்பொருள் என்று தெரிந்தது. மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று கிடையாது என்பதை வைத்தியர்களும் எடுத்துரைத்தனர். உண்மை வந்து சேர்வதற்குள் நெருப்புக் கண்டி மாவட்டத்துக்குப் போய்விட்டது. மார்ச்சு முதல் வாரத்தில் தெல்தெனிய, திகன முதலிய இடங்களில் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்களும் போயின. திகனச் சம்பவங்களுக்கு வேறு உடனடிக் காரணம் இருந்தது. ஆயினும் அம்பாறைப் படம் மூட்டிய சினம் அங்கும் எரிபொருளாயிற்று. மார்ச்சு 6ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் முகநூலும் வாட்சப்பும் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டன. அக்கலவரத்தில் தமது தளம் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனத்தார் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டனர்.

எந்தச் சமூகத்தையும் குறை சொல்வதற்காக இதை நாம் எடுத்துரைக்கவில்லை. அந்தக் கடைக்காரர் அகமுகியா, புறமுகியா என்பதும் எமக்குத் தெரியவேண்டியதில்லை. கூட்டத்தின் நடுவே, பிறர் மொழியில், கைத்தொலைபேசி முகத்துக்கு நேர் நீண்டிருக்க, உடனே பதில் சொல் என்றால் யாருக்குத்தான் நாக்கு எழும்? தயக்கத்தைக் குற்றமென்றும், மௌனத்தைச் சம்மதமென்றும் கொள்ளும் மனம் அங்கே தீமூட்டியது. அதே மனந்தான் நம் குழுவிலே "பதில் எழுதவில்லை, ஆகவே தலைக்கனம்" என்று சின்ன அளவில் தீர்ப்புச் சொல்லுகிறது. அளவு வேறு, வழி ஒன்று.

இதிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது. வதந்தியின் பலம் அதன் வேகத்தில் இருக்கிறது. 2018இல் இந்தியாவிலே பிள்ளை பிடிப்போர் பற்றிய வதந்திகளால் அப்பாவிகள் பலர் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன்பின் வாட்சப் நிறுவனத்தார் கண்ட மருந்து என்ன? ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்ப முடியாதபடி, முதலில் இந்தியாவிலும், 2019 சனவரியில் உலகெங்கும் கட்டுப்படுத்தினர். 2020இல், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்றனர். அதாவது, வேகத்தைக் குறைத்தார்கள். அகமுகியோ சுபாவத்தினாலேயே வேகம் குறைந்தவன். ஒன்றைக் கேட்டால் உள்ளே வைத்து இரண்டுதரம் புரட்டிப் பார்த்த பின்னரே வாய் திறப்பவன். நிறுவனத்தார் விதி போட்டுச் செய்ததை அவன் இயல்பாகவே செய்யவல்லவன். ஊருக்கு இப்படிப்பட்டவர்கள் தேவை.

ஆறுதலாக நடக்கும் காரியத்துக்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1892இல் காரைதீவிலே பிறந்து, கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச் மிக்கேல் கல்லூரியிலும் கற்ற விபுலாநந்த அடிகளார், பண்டைத் தமிழரின் யாழைப் பற்றி நீண்ட பல ஆண்டுகள் ஆராய்ந்தார். யாழ் நூல் 1947 சூன் மாதத்தில் அரங்கேறியது. அடுத்த மாதம் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அடிகளார் மேடையிலும் வல்லவர். அவரை அகமுகி என்று நாம் சொல்ல வரவில்லை. நாளுக்கு நாள் மெச்சுதலை எதிர்பார்க்கும் மனத்தால் அவ்வேலை முடிந்திருக்குமா என்று மட்டும் கேட்கிறோம்.

நம் முன்னோர் பேச்சையும் மௌனத்தையும் இரு கண்ணாகவே போற்றினர். கல்லால மரத்தடியிலே வாய் திறவாமல் உபதேசித்த தட்சிணாமூர்த்தியை வணங்குகிறோம். வள்ளுவரும் பயனில சொல்லாமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அவை அஞ்சாமை என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். வீண்பேச்சு வேண்டாம் என்றவரே, பேசவேண்டிய அவையில் அஞ்சி நிற்காதே என்றும் சொல்லியிருக்கிறார். மிஷன் பாடசாலையில் வேதாகம பாடத்திலே மோசேயின் சரித்திரத்தைப் படித்தோம். தமக்கு வாக்கு வல்லமை இல்லை, நாவு திக்கும் என்று அவர் தயங்கியபோது, அவர் சகோதரர் ஆரோன் அவருக்காகப் பேசுமாறு நியமிக்கப்பட்டார். நமது முஸ்லிம் அயலவர்கள் அதே பெரியாரை மூஸா நபி என்றும், அவர் சகோதரரை ஹாரூன் நபி என்றும் போற்றுகின்றனர். அவர்கள் வேதத்திலும் இச்செய்தி உண்டு. தலைமை தாங்கியவர் நாவன்மை இல்லாதவர். நாவன்மை உள்ளவர் அவருக்குத் துணையானார். இரு சுபாவமும் சேர்ந்தே காரியம் நடந்தது.

காந்தியடிகளின் இளமைக்காலச் சம்பவம் ஒன்று இவ்விடத்தில் பொருந்தும். 1888 முதல் 1891 வரை இலண்டனில் சட்டம் படித்தபோது அவர் மரக்கறி உணவுச் சங்கத்தின் நிருவாக சபையில் இருந்தார். கூட்டங்களில் அவர் வாய் திறப்பதே இல்லை. ஒருமுறை டாக்டர் அலின்சன் என்ற உறுப்பினரை, கருத்தடை பற்றி அவர் கொண்டிருந்த கொள்கைக்காகச் சங்கத்திலிருந்து நீக்கத் தலைவர் முற்பட்டார். காந்திக்கு அலின்சனின் கொள்கை உடன்பாடல்ல. ஆனால் அதற்காக ஒருவரை நீக்குவது அநீதி என்று அவர் மனம் சொன்னது. எழுந்து பேசத் துணிவில்லை. ஆகையால் தம் எண்ணத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனார். அதைப் படிக்கவும் அவரால் முடியவில்லை; வேறொருவர் படித்தார். அன்று அவர் பக்கம் தோற்றது. பிற்காலத்தில் தமது சத்திய சோதனையில், அந்தக் கூச்சமே சொற்களை அளந்து பேசப் பழக்கியது என்று அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கடுமையான வார்த்தைக்கு வருகிறோம். இது எம்மைப் போன்ற வாய் திறவாதோருக்கு.

அந்த இளைஞர் பேசவில்லை, எழுதிக் கொண்டுபோனார். இதைக் கவனியுங்கள். மௌனங்களெல்லாம் ஒரே இனத்தவை அல்ல. சுபாவத்தால் வரும் மௌனம் ஒன்று. அதற்கு எவரிடமும் சமாதானம் சொல்லவேண்டியதில்லை. அச்சத்தால் வரும் மௌனம் ஒன்று; அதைப் பயிற்சியால் வெல்லலாம். வசதிக்காக வரும் மௌனம் மூன்றாவது. குழுவிலே அயலூர் முஸ்லிம் மக்களைப் பற்றியோ, நம்மவரைப் பற்றியோ, பிற எவரைப் பற்றியோ பச்சைப் பொய் ஒன்று வந்து விழுகிறது. பொய் என்று நமக்குத் தெரிகிறது. "நாம் அகமுகிகள், எமக்கேன் வம்பு" என்று தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறோம். இந்த மூன்றாவது மௌனத்துக்கு யுங்கின் நூலில் இடமில்லை. முதலாவது மௌனத்தின் நல்ல பெயரை அது திருடிக்கொள்ளுகிறது.

இன்னும் ஒன்று. வாய் திறவாதவருக்கும் விரல் உண்டு. தேநீர்க் கடையிலே நின்று ஒரு வதந்தியை உரத்துச் சொல்ல நம்மில் எவருக்கும் துணிவு வராது. அதே வதந்தியை ஒரு விரலசைவில் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டுப் பேசாமலிருக்க முடிகிறது. "நான் ஒன்றும் சொல்லவில்லையே, வந்ததை அனுப்பினேன்" என்பது பதிலாகாது. அனுப்புவதும் சொல்லுவதேயாகும்.

ஆகவே மூன்று யோசனைகளை இச்சபையின் முன் வைக்கிறோம்.

பெரியோர்களுக்கும் சங்க நிருவாகிகளுக்கும் முதல் யோசனை. குழுவிலே ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் வந்த ஆறு பதிலைக்கொண்டு முடிவு செய்ய வேண்டாம். ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். பதில் எழுதாதவரைத் தனியே அழைத்து, "தம்பி, உன் எண்ணம் என்ன?" என்று கேளுங்கள். பலர் நடுவே ஒரு சொல் வராத பிள்ளை, ஒருவரிடத்தில் தனியே பேசும்போது அரை மணி நேரம் விளக்கம் சொல்லக் காண்பீர்கள்.

கலகலப்பான தோழர்களுக்கு இரண்டாவது. உங்கள் நாவன்மை சங்கத்தின் செல்வம். அதற்கு ஒரு துணை தேடிக்கொள்ளுங்கள். ஊரைக் கலக்கும் செய்தி எது வந்தாலும், பேசவல்ல ஒருவரும் விசாரிக்கவல்ல ஒருவரும் இருவராகச் சேர்ந்து கையாளும் வழக்கத்தைச் சங்கத்தில் ஏற்படுத்துவோம். விசாரிப்பவர் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் உள்ளவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கட்டும். படம் எந்த ஆண்டுப் படம் என்று தேடிப் பார்க்கட்டும். கோயிற் காரியமானால் வண்ணக்கரையும், பள்ளிவாசற் காரியமானால் அதன் நிருவாகத்தினரையும் கேட்கட்டும். கேட்டறிந்த பின்னர் மற்றவர் பேசட்டும். மோசேயும் ஆரோனும் இருந்த முறை இதுவே.

வாய் திறவாத தோழர்களுக்கு மூன்றாவது. உங்களை ஒருவரும் சொற்போருக்கு அழைக்கவில்லை. நாள்முழுதும் குழுவிலே குடியிருக்கவும் வேண்டியதில்லை. இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியை மூடி வைத்துவிட்டுப் புத்தகம் படித்தால் அது குற்றமும் அன்று. ஆனால் பொய் ஒன்று கண்ணிற் பட்டால், "இதற்கு ஆதாரம் என்ன?" என்ற ஒரே வரியை எழுதுங்கள். சபையில் எழுத மனம் வராவிட்டால், அனுப்பியவருக்கே தனிமடலில், "அண்ணன், இது பழைய படம், எடுத்துவிட்டால் நல்லது" என்று எழுதுங்கள். நூறுபேர் முன்னிலையில் பிழையை ஏற்க மறுப்பவர், தனியே சொன்னால் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார். மடல் நமக்கு வாய்த்த கருவி. அதை நாம்தான் பயன்படுத்த வேண்டும்.

நமது கடற்கரையை நினைத்துப் பாருங்கள். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரே வீதியில் தோளோடு தோள் சேர்ந்து கிடக்கின்றன. எது எங்கே முடிகிறது என்று வெளியூரார் அறியார். 2004 திசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபோது அது எந்த ஊரையும் விலக்கி வைக்கவில்லை. 2019 ஏப்பிரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறு அன்று நடந்த குண்டுத் தாக்குதல்களின் பின்னர், 26ஆந் திகதி இரவு சாய்ந்தமருதிலே துப்பாக்கிச் சூடும் வெடிச்சத்தமும் கேட்டன. அந்நாட்களில் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையிலே ஐயம் குடியேறிற்று. சமூக ஊடகங்களும் தடைப்பட்டிருந்தன. அப்படியான நாளொன்றில் எல்லைக்கு அப்பால் உள்ள ஒரு நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, "காக்கா, வீட்டில் எல்லோரும் சுகந்தானே?" என்று கேட்பதற்கு நாவன்மை தேவையில்லை. விருப்பக் குறியும் அதற்குக் கிடைக்காது. அந்த ஒரு கேள்வியை வாய் திறவாதவரும் கேட்கலாம். ஒருவேளை, அவரே முதலில் கேட்பார்.

மறுபடியும் ஒரு வதந்தி ஒருநாள் வரும். வராது என்று சொல்லத்தக்க சாட்சி எதுவும் நம்மிடம் இல்லை. அது நம் கைக்கு வந்து சேரும்போது விரலை நிறுத்தி, விசாரித்து, ஒரு வரி எழுதும் பிள்ளைகள் ஊருக்குச் சிலராவது இருக்க வேண்டும். அந்தச் சிலரைத் தலைக்கனமுடையோர் என்று ஒதுக்காமல் இப்பொழுதே இனங்கண்டு அருகில் அழைத்துக்கொள்ளுமாறு பெரியோரையும் தோழரையும் கேட்டுக்கொள்ளுகிறோம். அந்தச் சிலரிடம், அழைக்கும்போது வாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.